இரண்டு வயதுக்கு எத்தனை பண்டிகை?

மார்கழி பிறந்துவிட்டால் மருதனார்மடச் சந்தியடியில் விடியும்வரை நிம்மதியாகப் படுத்துக் கிடக்க முடியாது. நாலரைக்கே ஏதோவொரு கோயில் ஒலிபெருக்கி கரகரக்கத் தொடங்கும். திருவெம்பாவைக் காலத்தில் சங்கும் சேமக்கலமுமாக ஒரு கூட்டம் ஒழுங்கை ஒழுங்கையாகப் போகும். நாய்கள் எல்லாம் பின்னால் குரைத்துக்கொண்டு போகும். சந்திக்குப் பக்கத்தில் ஓங்கி நிற்கிற ஆஞ்சநேயருக்கு அனுமன் ஜெயந்தி வருவதும் இந்த மாதத்தில்தான்; வடைமாலை சாத்துவார்கள். கூப்பிடு தூரத்தில் 1939 இல் தொடங்கிய கிறிஸ்த சேவா ஆச்சிரமம். கொஞ்சம் தள்ளி உடுவிலில் அமெரிக்க மிசனரிமார் விட்டுப்போன தேவாலயம். அங்கெல்லாம் நத்தார். அது முடிய ஆங்கில வருசம், தைப்பொங்கல், பட்டிப்பொங்கல், தைப்பூசம். வடகீழ்ப் பருவக்காற்று மழையில் சேறாகிக் கிடக்கும் சந்தைக்குள் இவ்வளவுக்கும் ஒரே கடைக்காரரிடம்தான் சனம் மரக்கறி வாங்கும்.

இந்த ஊரிலிருந்து ஒஸ்லோவுக்கும் ரொறன்ரோவுக்கும் பேர்ணுக்கும் போனவர்கள், அங்கே ஒரு பிள்ளை பிறந்து தத்தித் தத்தி நடக்கத் தொடங்கியதும் ஒரு விநோதமான கணக்குப் போடுகிறார்கள். டிசெம்பர் 'அவையின்ரை', ஜனவரி நடுப்பகுதி 'எங்கடை'. மரம் வைத்தால் பிள்ளை மாறிப்போகுமோ? மரம் வைக்காவிட்டால் டேகெயாரில் தனித்துப்போகுமோ? பொங்கலை வேலைநாளில் பொங்குவதா, சனிக்கிழமைக்குத் தள்ளுவதா? ஊரில் இருந்தபோது ஒரே மழைக்காலத்தின் ஒரே வரிசையாகக் கிடந்த நாட்கள், விமானம் ஏறியதும் இரண்டு கட்சியாகப் பிரிந்துவிட்டன. இரண்டு வயதுப் பிள்ளைக்கு இந்தக் கட்சிப் பிரிவினை எதுவும் தெரியாது. அதற்குத் தெரிந்ததெல்லாம் வெளிச்சம், சத்தம், கையில் பிசுபிசுக்கிற ஏதோவொன்று, பிறகு நித்திரை.

அந்நிய நாட்டில் கைக்குழந்தையோடு டிசெம்பரைக் கடப்பது எப்படி என்ற கேள்விக்கு மருதனார்மடத்தைச் சுற்றியே ஒரு பழைய கதை இருக்கிறது. ஆனால் அது தலைகீழான கதை.

1819 இல் பொஸ்ரனில் கப்பலேறிய மைரன் வின்ஸ்லோவும் அவருடைய மனைவி ஹரியற்றும் அடுத்த வருடம் உடுவிலில் குடியேறினார்கள். தமிழ் அகராதியால் நாம் அறிந்த அதே வின்ஸ்லோதான். அகராதி வந்தது பிற்பாடு, 1862 இல். ஹரியற் 1824 இல் அங்கே பெண்பிள்ளைகளுக்கு விடுதிப் பள்ளி தொடங்கினார். இன்றைய உடுவில் மகளிர் கல்லூரி அதுதான். அந்த மிசன் வீட்டில் பிள்ளைகள் பிறந்தன, வளர்ந்தன, சில இறந்தும் போயின. நியூ இங்கிலாந்திலிருந்து வந்த அந்த அம்மா, டிசெம்பர் 25 இல் பிள்ளைகளுக்கு என்ன செய்து காட்டியிருப்பார் என்று நினைத்தால் இன்றைய வாசகர் உடனே மரமும் நட்சத்திரமும் கட்டிவிடுவார். அவர்கள் வளர்ந்த பியூரிட்டன் மரபில் அப்படி ஒரு பண்டிகையே பெரிதாகக் கிடையாது. மாசச்சூசெட்ஸில் 1659 இல் கிறிஸ்மஸ் கொண்டாடினால் ஐந்து சிலிங் தண்டம் என்று சட்டமே போட்டிருந்தார்கள்; 1681 இல்தான் அதை நீக்கினார்கள். சட்டம் போன பிறகும் நெடுங்காலம் அந்தப் பக்கத்தில் அது வேலைநாள்தான். எட்டுக் கலைமான் பூட்டிய வண்டியில் சன்ரா வருகிற கதையைப் பரப்பிய கவிதை அச்சில் வந்ததே 1823 இல், இவர்கள் உடுவிலுக்கு வந்து மூன்று வருடம் கழித்து. ஆக, 'அமெரிக்கன் கிறிஸ்மஸ்' என்று நாம் இன்று நினைப்பது அந்த அமெரிக்கர்களுக்கே தெரியாத ஒன்று. சுற்றிவர மார்கழிச் சங்கும் தைப்பொங்கல் வெடியும்தான் அந்தக் குழந்தைகளின் காதில் விழுந்திருக்கும்.

அந்த வீட்டுப் பெண்பிள்ளைகளில் ஒருத்தி தாயின் பெயரையே கொண்டவள். பின்னாளில் ஜோன் வெல்ஷ் டலஸ் என்ற மிசனரியை மணந்தாள். அவளுடைய பேரன்மார்தான் அமெரிக்க வெளியுறவுச் செயலாளராக இருந்த ஜோன் பொஸ்ரர் டலஸும் சி.ஐ.ஏ. தலைவராக இருந்த அலன் டலஸும். வாஷிங்ரனில் இறங்குகிற யாழ்ப்பாணத்தார் கடக்கிற டலஸ் விமான நிலையத்தின் பெயர், உடுவிலில் தவழ்ந்த ஒரு பிள்ளையின் பேரனுடையது. குழந்தைப் பருவத்தில் எந்த ஊர்ப் பண்டிகை காதில் விழுந்தது என்பதை வைத்து ஒரு பிள்ளை எங்கே போய்ச் சேரும் என்று சாத்திரம் சொல்ல முடியாது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டியதில்லை.

இனி வடக்கே போகலாம். யாழ்ப்பாணத்து வடக்கு இல்லை, மெய்யான வடக்கு.

நோர்வேக்கும் யாழ்ப்பாணத்துக்குமான தொடர்பு 1956 இல் அங்கே போன அந்தோனி இராஜேந்திரத்தோடு தொடங்குகிறது. அவருடைய முயற்சியில் 1967 இல் காரைநகரில் சீநோர் மீன்பிடித் திட்டம் வந்தது. எண்பதுகளில் சண்டைக்குத் தப்பிப் போனவர்களுக்கு நோர்வே கொடுத்த வேலையும் மீன்தான். ஃபின்மார்க் கரையோர ஊர்களின் மீன் ஆலைகளில், புகையிலையும் வெங்காயமும் நட்ட கைகள் கொட் மீன் வெட்டின. அந்த ஊர்களில் நவம்பர் கடைசியில் போகிற சூரியன் ஜனவரி நடுப்பகுதி தாண்டித்தான் முகம் காட்டும். அங்கே தமிழர்களிடையே களஆய்வு செய்த மானிடவியலாளர் ஆன் சிக்ஃபிரிட் குரோன்செத், வைத்தியரிடம் போயும் காரணம் பிடிபடாத உடல் நோவுகளோடு இருந்தவர்களைப் பற்றி ஒரு நூலே எழுதியிருக்கிறார். 2010 இல் வந்தது. சொந்தங்களும் சடங்குகளும் இல்லாத இடத்தில் உடம்பு வலிக்கிறது என்பதை அதில் விரிவாகப் பார்க்கலாம். பெரியவர்களுக்குப் பண்டிகை ஏன் அவ்வளவு தேவைப்படுகிறது என்பதும் அங்கேதான் புரியும். பிள்ளைக்காகச் செய்கிறோம் என்று சொல்லிக்கொண்டு பாதிப் பண்டிகையைப் பெற்றோர் தங்களுக்காகவே செய்கிறார்கள். அதில் குற்றம் ஒன்றும் இல்லை. எது யாருக்கு என்று தெரிந்து செய்தால் பிள்ளை அழுவது குறையும், அவ்வளவுதான்.

இப்போது ஃபின்மார்க்கில் இருந்தவர்களில் பலர் ஒஸ்லோவுக்கு இறங்கிவிட்டார்கள். அங்கேயும் டிசெம்பர் இருபத்தொன்றாம் திகதி சூரியன் காலை ஒன்பது மணி தாண்டி எழும்பி, பின்னேரம் மூன்றேகாலுக்குள் போய்விடும். பிள்ளையை 'பார்னஹாகே' எனப்படும் குழந்தைப் பள்ளிக்குக் கொண்டுபோய் விடும்போதும் இருட்டு, கூட்டிவரும்போதும் இருட்டு. ஊரிலிருந்து வந்து நிற்கிற அம்மம்மாவுக்கு இருட்டைவிடப் பெரிய அதிர்ச்சி வேறொன்று. அங்கே குழந்தைகளைத் தள்ளுவண்டியில் போர்த்து, மத்தியான நித்திரைக்கு வெளியில், பனிக்குள்ளேயே விட்டுவிடுவார்கள். பல குழந்தைப் பள்ளிகள் மைனஸ் பத்துக்குக் கீழே போனால்தான் உள்ளே எடுக்கும். மார்கழிப் பனி தலையில் விழுந்தால் தடிமன் பிடிக்கும் என்று இருபத்திரண்டு பாகைக்கே துவாய் கட்டுகிற ஊரிலிருந்து வந்தவர் அதைப் பார்த்தால் என்ன சொல்வார்?

"என்ன பிள்ளை, குழந்தையை வெளியிலயோ கிடத்தியிருக்கிறியள்? பனி பிடிக்கப்போகுது."

"அம்மா, இஞ்ச எல்லாப் பிள்ளையளும் இப்பிடித்தான் படுக்கிறவை."

"அவை படுக்கட்டும். நீ முதல்ல பிள்ளையின்ரை காதை மூடு."

இந்தக் கதை நடக்காத நோர்வேத் தமிழ் வீடு குறைவு. பிள்ளை மட்டும் கன்னம் சிவக்க இரண்டு மணித்தியாலம் தூங்கி எழும்பும்.

அங்கத்தைய டிசெம்பரில் யாழ்ப்பாணத்தாருக்கு உண்மையில் அந்நியமாகத் தெரியவேண்டியவை எவ்வளவு என்று பார்த்தால் விரல் விட்டு எண்ணிவிடலாம். டிசெம்பர் 13 லூசியா நாள்: குழந்தைப் பள்ளியில் சின்னஞ்சிறுசுகள் வெள்ளை அங்கி போட்டு விளக்குப் பிடித்து வரிசையாக நடக்கும், மஞ்சள் நிறத்தில் குங்குமப்பூ சேர்த்த பணிஸ் கொடுப்பார்கள். கார்த்திகை விளக்கீட்டுக்கு வாழைத்தண்டில் தேங்காய்ச் சிரட்டை வைத்துக் கொளுத்தின வீட்டார் இதைப் பார்த்து முழிக்க ஒன்றுமில்லை. நத்தார் முன்னிரவில் அரிசியைப் பாலில் வேகவைத்து, சீனியும் கறுவாத்தூளும் வெண்ணெயும் போட்டுத் தின்பார்கள். அதற்குள் ஒரு வாதுமைப் பருப்பை ஒளித்து வைப்பார்கள். யாருடைய கோப்பையில் வருகிறதோ அவருக்கு மாசிப்பானில் செய்த பன்றிக்குட்டி பரிசு. மாட்டுக் கொட்டிலைக் காக்கிற 'நிஸ்ஸ' என்ற குட்டி ஆவிக்கும் ஒரு கோப்பை வைப்பது பழைய வழக்கம். வைக்காவிட்டால் கோபித்துக்கொண்டு மாட்டுக்குக் கெடுதல் செய்யுமாம். வைரவருக்குப் படையல் வைத்துப் பழகின அம்மம்மாவுக்கு இதை விளங்கப்படுத்தத் துபாசி தேவையில்லை. ஜனவரி 13 இல், நத்தாரின் இருபதாம் நாளன்று, மரத்தைக் கழற்றி வீட்டைக் கூட்டி நத்தாரை அனுப்பிவிடுவார்கள். ஊரில் பொங்கலுக்கு முதல்நாள் வீடு கழுவுகிறதும் கிட்டத்தட்ட அதே நாள். யாரும் திட்டமிடாமல் இரண்டு பஞ்சாங்கமும் அங்கே ஒரே விளக்குமாற்றைப் பிடிக்கின்றன.

இன்னும் வடக்கே, துரொம்சோவில், இதைவிட ஒரு புதினம். தை முதலாம் நாள், ஜனவரி 14 அல்லது 15 இல், யாழ்ப்பாணத்தில் ஆறரைக்குச் சூரியன் எழும்ப, அதை நோக்கிப் படைக்கிறோம். துரொம்சோவில் கிட்டத்தட்ட அதே நாட்களில்தான் சூரியன் ஏழு கிழமை வனவாசம் முடிந்து அடிவானத்துக்கு வருகிறது. ஆனால் மலைகள் மறைப்பதால் ஊருக்குள் தெரிய இன்னும் ஒரு கிழமை செல்லும். ஜனவரி 21 ஐச் 'சூரிய நாள்' என்று வைத்திருக்கிறார்கள். பள்ளிப் பிள்ளைகளும் குழந்தைப் பள்ளிப் பிள்ளைகளும் சூரியனைப் பார்க்க வெளியே போவார்கள். சீனி தூவிய 'சூரிய பணிஸ்' தின்பார்கள். வெதுப்பகங்களில் அன்று நல்ல வியாபாரம். ஆக அங்கே வளர்கிற தமிழ்ப் பிள்ளைக்கு ஒரே கிழமையில் இரண்டு முறை சூரியப் பண்டிகை: ஒன்று சூரியனைக் காணாமலே அடுப்படியில், மற்றது பணிஸோடு பனிக்குள். இரண்டில் எது அதன் மனதில் நிற்கும் என்று பந்தயம் கட்டினால் பணிஸ் பக்கம் கட்டுவது புத்தி.

பணிஸ் வெல்லுவதற்குக் காரணம் இனிப்பு மட்டும் இல்லை. பிள்ளை அங்கே எதையோ செய்கிறது: வெளிக்கிடுகிறது, நடக்கிறது, மேலே பார்க்கிறது, கடிக்கிறது. நம்முடைய வீட்டுப் பொங்கலில் இரண்டு வயதுக்காரர் பெரும்பாலும் பார்வையாளர். 'அடுப்புக்குக் கிட்டப் போகாதே', 'சாமிக்குப் படைக்க முதல் தொடாதே', 'கோலத்தை மிதிக்காதே'. முழுக்க முழுக்க 'ஆதே'. ஊரில் அது சரிவந்தது, முற்றம் இருந்தது. உலக்கையால் சதுரம் பிடித்து அரிசிமாவில் கோலம் போட்டாலும் அதற்கு வெளியில் ஓடித் திரிய இடம் கிடந்தது. மாமாக்கள் வெடி கொளுத்தினார்கள், வல்வெட்டித்துறைப் பக்கம் வானம் முழுக்கப் பட்டம். ஒரு பிள்ளை அழுதால் தூக்க எட்டுக் கை. பதினாலாம் மாடி அடுக்குமனையில் அந்த எட்டுக் கையும் அம்மாவிடமும் அப்பாவிடமும் நாலாகச் சுருங்குகிறது. அதில் ஒன்று அகப்பையைப் பிடித்திருக்கிறது.

ஸ்காபரோவில் பொங்கல் காலையைக் கிட்டப் போய்ப் பார்த்தால் தெரியும். தமிழ்க் கடைகளில் மண்பானை, கரும்பு, மஞ்சள் இலை, கோலமா எல்லாம் கிடைக்கும். ஆனால் மண்பானை தூண்டல் அடுப்பில் சூடேறாது. கண்ணாடித் தட்டு அடுப்பில் வைக்கப் பலருக்குப் பயம். ஆகவே பானைக்கு மஞ்சள் கட்டி அலங்கரித்துப் பக்கத்தில் வைத்துவிட்டு, பொங்குவது எவர்சில்வர் சட்டியில். பால் கொதித்துத் தளும்புகிற நேரம் எல்லோருடைய கண்ணும் பாலில் இல்லை, கூரையில் இருக்கிற புகை எச்சரிக்கைக் கருவியில். அதற்குக் கீழே ஒருவர் துவாயால் விசிறிக்கொண்டு நிற்பார். பால் எந்தப் பக்கம் வழிகிறது என்று பார்க்கிற அப்பப்பாவின் வேலை போய், எங்கே வழிந்தாலும் துடைக்கிற வேலைதான் மிச்சம். கருவி அலறிவிட்டால் பிள்ளை அலறும். பிள்ளை அலறினால் பூசை முடிந்தது.

இதற்குள் ஒரேயொரு இடத்தில் பிள்ளையின் கை நுழையலாம். பால் பொங்கியதும் வீட்டுக்குப் பெரியவர் அரிசியை இரு கையாலும் அள்ளி மூன்று முறை பானையைச் சுற்றி இடுவார். பிறகு மற்றவர்கள் ஒவ்வொருவராக ஒரு கை போடுவார்கள். அந்தப் பச்சையரிசியைப் பால் வைக்க முதலே ஒரு தட்டில் கொட்டிப் பிள்ளையிடம் கொடுத்துவிட்டால் பத்து நிமிடம் வேறு விளையாட்டு வேண்டாம். அள்ளும், கொட்டும், வறுத்த பயற்றில் கலக்கும், நிலமெல்லாம் சிந்தும், இரண்டு மணியை வாய்க்குள் போடும். பிறகு அப்பா தூக்கிப் பிடிக்க, அந்தச் சின்னக் கைப்பிடியில் மிஞ்சின நாலு மணி பானைக்குள் விழும். பொங்கல் என்றால் என்ன என்று இரண்டு வயதுக்கு விளங்கப்படுத்த இதற்கு மேல் ஒரு சொல்லும் தேவையில்லை. அடுத்த வருசம் தட்டைக் கண்டதும் கையை நீட்டும்.

கவனிக்கவேண்டியது கஜு. நாலு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு முழுக் கொட்டைகள் கொடுக்கவேண்டாம் என்கிறார்கள் கனடாவில். பிரிட்டனில் ஐந்து வயது என்கிறார்கள். தொண்டையில் அடைக்கும் என்பதே காரணம். சர்க்கரைப் புக்கையின் கஜுவும் கற்கண்டுத் துண்டும், நோர்வேயின் ஒளித்து வைத்த வாதுமையும் இந்த விசயத்தில் ஒரே வகை. பிள்ளையின் பங்கை முதலே வேறாக எடுத்துவிட்டால் அம்மம்மாவின் மனமும் நோகாது. அனுமன் ஜெயந்தி வடை இதில் நல்ல பண்டம்: கையில் பிடிக்க வளையம் போல, மெத்தென்று ஊறவைத்தால் பல்லில்லாத பிள்ளையும் சப்பும்; குரங்குச் சாமி என்றால் அந்த வயதுக்கு வேறு எந்தச் சாமியும் கிட்ட வர முடியாது. மருதனார்மடத்தார் தங்கள் ஊர்ச் சிறப்பு எதையாவது பிள்ளைக்குக் கொண்டுபோக நினைத்தால், தைப்பொங்கலைவிட இது இலகு என்று கூடச் சொல்லலாம்.

சுவிசில் பண்டிகைக் கதை டிசெம்பர் 6 இலேயே தொடங்கிவிடும். அன்று சமிக்ளவுஸ் என்ற சிவப்பங்கித் தாத்தா, கறுத்த உடை போட்ட ஷ்முற்ஸ்லி என்ற உதவியாளோடு குழந்தைப் பள்ளிகளுக்கு வருவார். ஒரு சின்னப் பாட்டுச் சொன்னால் பையிலிருந்து மண்டரின் தோடம்பழமும் இஞ்சி விசுக்கோத்தும் கோதோடு கச்சானும் கொடுப்பார். கச்சான் இல்லாத கோயில் திருவிழாவைக் கண்டிராத யாழ்ப்பாணத்தாருக்கு அந்தப் பையில் பாதி பழகின சாமான்தான். பிள்ளைக்குத்தான் தாடி பழக்கமில்லை. ஒன்றரையிலிருந்து மூன்று வயதுவரை பல பிள்ளைகள் வேசம் போட்ட அந்நியரைக் கண்டால் வீரிட்டு அழும். ரொறன்ரோ அங்காடியில் சன்ராவின் மடியில் இருத்திப் படம் எடுக்க வரிசையில் நிற்கிற தமிழ்ப் பெற்றோரும் இதை அறிவார்கள். அறிந்தும் நிற்கிறார்கள், படம் ஊருக்கு அனுப்பவேண்டுமே. அழுகிற படம்தான் ஊரில் அதிகம் சுற்றும்.

பேர்ணில் 2014 டிசெம்பரில் திறந்த 'சமயங்களின் இல்லம்' என்ற கட்டடத்தில் ஒரே கூரைக்குக் கீழே தமிழ்ச் சைவக் கோயிலும் பள்ளிவாசலும் கிறிஸ்தவ, பௌத்த வழிபாட்டிடங்களும் இருக்கின்றன. ஐரோப்பியப் பத்திரிகைகள் அதை அதிசயமாக எழுதின. மருதனார்மடச் சந்தியை அவர்கள் பார்க்கவில்லை.

இவ்வளவுக்கும் நடுவில் உடுப்பு என்று ஒரு சங்கடம் இருக்கிறது. பட்டுப் பாவாடையோ வேட்டியோ உடுத்து, அதற்குமேல் ஸ்னோசூட் ஏற்றி, மேசு, சப்பாத்து, கையுறை, தொப்பி எல்லாம் மாட்டி முடிய, பிள்ளைக்குப் பம்பர்ஸ் மாற்றவேண்டி வரும். இது உலகப் பொதுவிதி. காரில் ஏற்றினால் இன்னொன்று: பொம்மென்ற குளிருடுப்பின் மேல் இருக்கைப் பட்டி கட்டினால் இடையில் தொய்வு விழும், விபத்தில் பிள்ளை நழுவும் என்று கனடாவின் போக்குவரத்துத் திணைக்களம் எச்சரிக்கிறது. மெல்லிய உடுப்போடு பட்டியை இறுக்கி, மேலே போர்வையைப் போர்த்துவதுதான் முறை. பட்டுப் பாவாடைக்கு இது நல்லதாய்ப் போயிற்று, கசங்காது.

பிறகு மண்டப விழாக்கள். ஒன்ராறியோ 2014 இல் ஜனவரியைத் தமிழ் மரபுரிமை மாதமாகச் சட்டம் போட்டது. 2016 ஒக்ரோபரில் கனடிய நாடாளுமன்றமும் அதை ஏற்றது. பெருமைப்படவேண்டிய விசயம், ஐயமில்லை. ஆனால் ஜனவரி முழுக்க மண்டபத்துக்கு மண்டபம் பொங்கல் விழா நடக்க, அங்கே மங்கல விளக்கு, வரவேற்புரை, தலைமையுரை, சிறப்புரை, பரதம், பறை, மறுபடி உரை என்று போகையில் இரண்டு வயதுக்காரர் கதிரைக்குக் கீழே படுத்து நித்திரையாகிவிடுகிறார்; ஒலிபெருக்கி அலற மறுபடி எழும்பி அழுகிறார். அந்த விழா பெரியவர்களுக்கு அவசியம், பத்து வயதுக்குப் பயன், இரண்டு வயதுக்கு வீண். முதல் அரைமணித்தியாலம் நின்று, பறைச் சத்தத்துக்குப் பிள்ளை இரண்டு குதி குதித்ததும் வீட்டுக்கு வெளிக்கிட்டால் யாரும் தப்பாக எடுக்கமாட்டார்கள். எடுத்தால் எடுக்கட்டும்.

ஊரைப் பிள்ளைக்குக் காட்ட மண்டபத்தைவிட நல்ல வழி கடிகாரத்தில் இருக்கிறது. குளிர்காலத்தில் ரொறன்ரோ யாழ்ப்பாணத்துக்குப் பத்தரை மணித்தியாலம் பின்னால். மருதனார்மடத்து முற்றத்தில் தைப்பொங்கல் காலை ஆறரைக்குப் பால் பொங்கும்போது கனடாவில் முதல்நாள் இரவு எட்டு மணி. பிள்ளையைக் குளிப்பாட்டி, இரவுடுப்புப் போட்டு, கட்டிலுக்குப் போகிற நேரம். அந்தப் பதினைந்து நிமிடம் அம்மம்மாவின் தொலைபேசியில் உண்மையான விறகடுப்பும், கொக்காரை எரிகிற புகையும், பக்கத்து வீட்டு வெடியும். அடுத்த நாள் காலை தங்கள் சட்டியில் பால் பொங்கும்போது பிள்ளை அதை ஏற்கெனவே பார்த்திருக்கிறது. ஒஸ்லோக்காரருக்கு இந்த வசதி இல்லை. நாலரை மணித்தியால வித்தியாசத்தில் அங்கே நடுச்சாமம் இரண்டு மணி. அவர்கள் பதிவு பண்ணின வீடியோவோடு சமாளிக்கிறார்கள். சின்னப் பிள்ளைகளுக்குத் திரையே காட்டக்கூடாது என்கிற அமெரிக்கக் குழந்தை வைத்தியர்களின் சங்கமும் ஒன்றரை வயதுக்குட்பட்டவர்களுக்கு விலக்காக விட்டிருக்கிற ஒன்று வீடியோ அழைப்பு. காரணம் எளிது: அந்தப் பக்கத்தில் இருக்கிற முகம் பதில் பேசுகிறது.

2020 டிசெம்பரில் இது வசதி என்பதிலிருந்து ஒரே வழி என்றாகியது. மருதனார்மடச் சந்தையில் கொரோனாத் தொற்றுக் கொத்தணி கண்டுபிடிக்கப்பட்டு ஊர் முடங்கியது. ரொறன்ரோவும் லண்டனும் அதே நேரம் பூட்டிக் கிடந்தன. ஊரில் இருந்தவர்களும் வெளியே இருந்தவர்களும் ஒருவரையொருவர் கவனமாக இருக்கச் சொல்லிக்கொண்ட அந்த வருசத்தில்தான் பல அப்பப்பாமார் வட்ஸ்அப்பில் கமெராவைத் திருப்பப் பழகினார்கள்.

கனடா 2011 டிசெம்பரில் கொண்டுவந்த சூப்பர் விசா, 2022 இலிருந்து ஒரே வருகையில் ஐந்து வருடம்வரை நிற்க விடுகிறது. அதனால் அம்மம்மாவை வரவழைப்பது இலகு. பிள்ளையை டிசெம்பரில் ஊருக்குக் கொண்டுபோவதுதான் யோசிக்கவேண்டியது: பயணச்சீட்டு விலை உச்சத்தில், மழை, வெள்ளம், அதற்குப் பின்னால் டெங்கு. யாழ்ப்பாணத்தில் டெங்கு தலைதூக்குவது இந்த மழைக்குப் பிறகுதான். நீளக்கை உடுப்பும் நுளம்பு வலையும் பெட்டியில் முதலாவதாக ஏறவேண்டும்.

தைப்பூசத்தோடு இந்த வரிசை முடிகிறது. ஊரில் அன்று புதிர் எடுப்பார்கள். புது நெல்லரிசிச் சோறு பொங்கி உண்பார்கள். குழந்தைக்குக் காது குத்துவதும் சோறு தீத்துவதும் இரண்டரை மூன்று வயதானவர்களுக்கு ஏடு தொடக்குவதும் அன்றைக்கு வைக்கிற வீடுகள் ஏராளம். புலம்பெயர் ஊர்க் கோயில்களிலும் அன்று தாம்பாளத்தில் அரிசி பரப்பி, ஐயர் பிள்ளையின் விரலைப் பிடித்து 'அ' எழுதுவிக்கிறார். பொங்கலில் அரிசியை அளைந்து பழகின பிள்ளை அங்கேயும் எழுதாமல் அள்ளிக் கொட்டப் பார்க்கும். விரலை இறுக்கிப் பிடிக்கிற ஐயருக்கு அன்று நல்ல பயிற்சி.

குழந்தைப் பள்ளியிலும் பொங்கல் நடக்கவேண்டும் என்று ஆசைப்படுகிற பெற்றோருக்கு நோர்வேயில் வழி இருக்கிறது. அங்கே 2017 இல் வந்த குழந்தைப் பள்ளிச் சட்டகம், பிள்ளைகளின் வீடுகளில் உள்ள சமய, பண்பாட்டு நாட்களுக்கும் இடம் கொடுக்கச் சொல்கிறது. கேட்டால் பெரும்பாலும் சரி என்பார்கள். அரிசியும் பாலும் அங்கத்தைய பிள்ளைகளுக்கு ஏற்கெனவே பழகின சாப்பாடு. சர்க்கரையையும் பயற்றையும் பற்றித்தான் சொல்லவேண்டி வரும். ஒன்றை மட்டும் ஒரு கிழமை முன்னரே கேட்டு வைப்பது நல்லது: ஒவ்வாமைக்குப் பயந்து பல இடங்களில் கஜு போட்ட எதையும் வாசலுக்குள் விடமாட்டார்கள். பிளம்ஸ் போடலாம்.